உனக்குக் கரண்ட் வைக்கவே இல்லை, அண்ணா

ஆசை அண்ணாவுக்கு,

நீ போய் ஐந்து மாதம் ஆகிறது. இந்த ஐந்து மாதமும் நம் வீட்டில் உன்னைப் பற்றி ஒரு கதை ஓடிக்கொண்டிருக்கிறது. அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அருவருப்பாக இருக்கிறது. அதை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

கதை இதுதான். பட்டணத்து ஆஸ்பத்திரியில் உன் நெஞ்சில் கரண்ட் வைத்தார்களாம். நீ துள்ளி விழுந்தாயாம். அத்தோடு முடிந்ததாம். அப்பா முதலில் சொன்னபோது இவ்வளவுதான் இருந்தது. பதினாறாம் நாளுக்குள் அது நன்றாக வளர்ந்துவிட்டது. கட்டிலோடு சேர்த்துக் கட்டினார்கள் என்று ஒருவர் சேர்த்தார். கருகின வாடை வராந்தா வரைக்கும் வந்தது என்றார் இன்னொருவர். பெரியம்மா வடையைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டே, "சின்ன டாக்டராம்மா. கத்துக்கினு இருக்கறவனாம். நம்ம புள்ள மேல கத்துக்கினு போய்ட்டான்" என்றாள். எல்லோரும் உச்சுக் கொட்டினார்கள். உச்சுக் கொட்டி முடித்ததும் பாயசம் கேட்டார்கள்.

நான்தான் பரிமாறினேன். அந்த எண்ணெய் விரல்களும், மெல்லுகிற வாய்களும், அந்த வாய்க்குள்ளிருந்து வந்த உன் பெயரும் ஒன்றாகச் சேர்ந்து குமட்டின. பாயசத் தூக்கை வைத்துவிட்டுக் கொல்லைப் பக்கம் ஓடினேன். துக்கத்தில் ஓடுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள்.

உனக்குக் கரண்ட் வைக்கவே இல்லை, அண்ணா. அப்பாவுக்குத் தெரியும். அம்மாவுக்குத் தெரியும். எனக்குத் தெரியும். நாடி எண்ணினதில் நான் செய்த தப்பு வெளியே தெரியக் கூடாது என்று கட்டின கதை அது. மற்றவர்கள் பேசினதை விட, அந்தக் கதைக்குள் நான் பத்திரமாக உட்கார்ந்திருந்ததுதான் எனக்கு அருவருப்பு.

இதைத் தெருமுனைப் படிப்பகத்துக் கையெழுத்துப் பத்திரிகைக்குக் கொடுக்கப் போகிறேன். நீ அட்டைப்படம் வரைந்து கொடுப்பாயே, அதற்குத்தான். என் பெயரோடு போடுவார்களா என்று தெரியவில்லை. போட்டால் நம் தெரு முழுக்கப் படிக்கும். அதனால் உனக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

போன வருஷம் மழைக்காலத்தில் நீ தறியிலிருந்து எழுந்தவன் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாய். "நெஞ்சுக்குள்ள குதிரை ஓடுது பாக்கியம்" என்றாய். பட்டணத்துக்குக் கூட்டிப் போனோம். கண்ணாடி போட்ட அந்த ஒல்லி டாக்டர் உன் நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். ஒரு நீளக் காகிதத்தில் உன் இதயத்தின் ஓட்டத்தைக் கோடாக எடுத்துப் பார்த்தார். "இதயத்தோட மேல் அறை ஒழுங்கில்லாம நடுங்குது. அதுக்கு ஈடு குடுத்துக் கீழ் அறையும் தாறுமாறா ஓடுது. மாத்திரையில ஓட்டத்தைக் குறைக்கலாம்" என்றார். அன்று உன் நாடி நிமிஷத்துக்கு நூற்று நாற்பது.

தினமும் காலையில் மாத்திரை கொடுக்கும் முன் ஒரு முழு நிமிஷம் நாடி எண்ண வேண்டும். அறுபதுக்குக் கீழே இருந்தால் மாத்திரை கொடுக்காமல் உடனே வர வேண்டும். எண்ணினதைச் சீட்டில் எழுதி, மாதாமாதம் உன்னையும் கூட்டிக்கொண்டு வர வேண்டும். நர்ஸம்மா என் மூன்று விரல்களைப் பிடித்து உன் மணிக்கட்டில் வைத்தார். "துடிக்குதா? அதை எண்ணணும். அவ்ளோதான்." நான் தலையாட்டினேன். ஒரு தடவை எண்ணிக் காட்டட்டுமா என்று கேட்டிருக்கலாம். வெளி ஆளிடம் எனக்கு எப்போது வாய் திறந்திருக்கிறது?

மறுநாள் காலை டைம்பீஸை எதிரில் வைத்து எண்ணினேன். எழுபத்தொன்று வந்தது. அப்பா சீட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "நேத்து நூத்தி நாப்பது. ராத்திரி போட்ட ஒத்த மாத்திரைல பாதி! பட்டணத்து மருந்துன்னா இன்னான்னு நெனச்ச?" அம்மா கற்பூரம் ஏற்றினாள். என்னை யாரோ தூக்கி உயரத்தில் உட்கார வைத்தது போல இருந்தது. அஞ்சாவதோடு பள்ளியை விட்டவள் டாக்டர் வேலை பார்க்கிறாள் என்று நீதான் கேலி செய்தாய். "டாக்டரம்மா, ஃபீஸ் எவ்ளோ?" என்று கையை நீட்டுவாய்.

அந்தக் காலைகளை இப்போது நினைத்தால் என் விரல்களைக் கல்லில் தேய்க்கலாமா என்று இருக்கிறது.

ஏனென்றால் நீ சொல்லிக்கொண்டேதான் இருந்தாய். "இது எழுபது மாதிரி இல்லடி. குதிரை நிக்கவே இல்ல." நான் இன்னொரு முறை எண்ணுவேன். எழுபத்து மூன்று. "டைம்பீஸ் பொய் சொல்லுமா?" என்பேன். யாரிடமும் எதிர்த்துப் பேசாதவள் உன்னிடம் மட்டும் எவ்வளவு தைரியமாகப் பேசினேன், பார்த்தாயா? "கல்யாணப் பேச்சு எடுத்ததுல இருந்து இவனுக்கு நெஞ்சு அடிச்சிக்குது" என்று அம்மா சிரித்தாள். நீயும் சிரித்தாய். சிரித்து முடிக்கும்போது மூச்சு வாங்கியது. அதையும் பார்த்தோம்.

உன் கால் வீங்கியது. செருப்பு வார் பதிந்த இடம் சாயங்காலம் வரைக்கும் பள்ளமாகவே இருந்தது. அப்பா குனிந்து கூடப் பார்க்கவில்லை. "தறிக்குழில நாள் பூரா காலைத் தொங்கப் போட்டுக்கினு ஒக்காந்தா வீங்காம இன்னா பண்ணும்? எனக்கும்தான் வீங்குது" என்றார். உண்மைதான், அவருக்கும் வீங்கும். நம் தெருவில் பாதிப் பேருக்கு வீங்கும். அதனால் அது நோயாகவே யாருக்கும் தெரியவில்லை.

மாதாமாதம் உன்னைக் கூட்டிப் போகவும் இல்லை. முகூர்த்தச் சேலைகள் தறியில் இருந்தன. கரை வேறு, உடல் வேறு நிறம் என்றால், கரை இழையைக் கோக்கப் பக்கத்தில் நான் இல்லாமல் நீ நெய்ய முடியாது. நீ இல்லாமல் நான் என்ன செய்வேன்? நீ ஒரு நாள் போனால் இரண்டு பேர் வேலை நிற்கும். அப்பா எப்படியும் சேலை கொடுக்கப் பட்டணம் போகிறவர். சீட்டை மட்டும் எடுத்துப் போனார். ஆளைக் கூட்டி வாருங்கள் என்று ஒவ்வொரு தடவையும் சொன்னார்களாம். அடுத்த மாசம் என்று இவரும் சொன்னாராம். சீட்டில் எழுபத்திரண்டு, எழுபத்து நான்கு, எழுபது. எல்லாம் என் கையெழுத்து. அந்த எண்களைப் பார்த்துப் பழைய அளவிலேயே மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். யாராக இருந்தாலும் அப்படித்தானே எழுதுவார்கள்?

பங்குனியில் உன்னால் படுக்கவே முடியாமல் போனது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே இருந்தாய். டாக்ஸி பிடித்துக் கொண்டு போனோம்.

அந்த ஒல்லி டாக்டர் உன் கையைப் பிடித்தார். தன் கடிகாரத்தைப் பார்த்தார். அப்பா சீட்டுகளை நற்சாட்சிப் பத்திரம் போல மேஜையில் வைத்தார். டாக்டர் ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"இங்க நூத்தி அம்பதுக்கு மேல ஓடுது. இதுல இன்னிக்குக் காலைல எழுபத்தி ஆறுன்னு இருக்கு. யார் எண்ணினது?"

"இதோ, பொண்ணுதான். அவ எண்ணிக்கை தப்பாதுங்க சார். இழைல ஒண்ணு விட மாட்டா."

"எங்க, இப்ப எண்ணும்மா. சத்தமா."

உன் மணிக்கட்டைப் பிடித்தேன். சத்தமே வரவில்லை. நீதான் கண்ணால் "சொல்லு" என்றாய். ஒண்ணு, ரெண்டு, மூணு என்று ஆரம்பித்தேன். டாக்டர் குழாயை உன் நெஞ்சில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். இருபது வந்ததும் கையை உயர்த்தினார்.

"நீ ஒண்ணுன்னு சொல்றப்ப இங்க ரெண்டு அடிக்குதும்மா."

எனக்கு முதலில் புரியவில்லை. மனசுக்கு முன்னால் என் விரல் நுனிக்குப் புரிந்தது. சீப்பு போன்ற தறி அச்சின் ஒவ்வொரு பல் இடுக்கிலும் இரண்டு பாவு இழை போகும். அதனால் நம் வீட்டில் இழையை ஒற்றையாக எண்ணுவதே இல்லை. இரண்டை ஒதுக்கி ஒன்று என்போம், அடுத்த இரண்டை ஒதுக்கி இரண்டு என்போம். ஆறு வருஷமாக அப்படி எண்ணின கை. விரலுக்கடியில் வேகமாக ஏதாவது ஓடினால் அது தானாக ஜோடி சேர்த்துக்கொண்டது. உன் இதயத்தையும் நான் ஜோடி ஜோடியாகத்தான் எண்ணியிருக்கிறேன். ஒற்றை மாத்திரையில் பாதி குறையவே இல்லை. ஒரு நாள் கூடக் குறையவில்லை.

நீதான் பேசினாய். மூச்சு மூச்சாக, "அடிப்பாவி, என் நெஞ்சுலயும் பாவு ஓட்டிட்டியா?" என்று சொல்லிச் சிரித்தாய். அந்தச் சிரிப்பை நீ ஏன் எனக்குக் கொடுத்தாய்? கன்னத்தில் ஒரு அறை கொடுத்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

டாக்டர் கத்தவில்லை. "இதயமும் சதைதான்" என்று அப்பாவிடம் சொன்னார். "ஒருத்தனைப் பல மாசம் நிக்காம ஓடவிட்டா அவன் தொடைச் சதை என்ன ஆகும்? அதே கதைதான் இது. ஓடி ஓடிச் சதை தொய்ஞ்சிருக்கு, அறை பெருசாயிருக்கு. அதனால ரத்தத்தைத் தள்ள முடியல. காலும் நெஞ்சும் நீர் கோத்துக்குது. ஆனா ஒண்ணு. வேற வியாதியால கெட்ட சதை மாதிரி இல்ல இது. ஓட்டத்தைக் குறைச்சு, தாளத்தை நேராக்கினா மறுபடி தேறும். தேறினவங்களைப் பார்த்திருக்கேன்."

மாத்திரையைக் கூட்ட வேண்டும். நீர் இறங்க மருந்து தர வேண்டும். உள்ளே ரத்தம் உறைந்திருந்தால் அது மூளைக்கு ஓடிவிடும் என்பதால், சில வாரம் அதற்கும் மருந்து. அதற்குப் பிறகு, மயக்கம் கொடுத்து, நெஞ்சில் ஒரு விநாடி கரண்ட். அந்த அதிர்ச்சியில் தாளம் நேராகும். இவ்வளவும் சொன்னார். கடைசியில், "பொண்ணைத் திட்டாதீங்க. மாசாமாசம் ஆளைக் கூட்டி வரச் சொன்னேனா இல்லையா?" என்றார். அப்பா சுவரைப் பார்த்தார்.

ஒன்பது நாள் வார்டில் இருந்தாய். வீக்கம் வடிந்து உன் கணுக்கால் எலும்பு மறுபடி தெரிந்தது. நூற்று முப்பது, நூற்றுப் பத்து, தொண்ணூற்றெட்டு என்று இறங்கியது. இந்தத் தடவை நர்ஸம்மா எண்ணினார். உனக்குப் பசித்தது. இட்லி கெட்டியாக இருக்கிறது என்று சண்டை போட்டாய். பத்தாம் நாள் காலை முகம் கழுவிக்கொண்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தவன் அப்படியே சரிந்தாய். டாக்டர் ஓடி வந்து உன் நெஞ்சை அழுத்தினார். அவர் நெற்றி வியர்வை உன் சட்டை மேல் சொட்டும் வரைக்கும் அழுத்தினார். சதை அவ்வளவு பலவீனமாக இருந்ததால் தாளம் ஒரேயடியாகக் கெட்டுவிட்டது என்றார். இரண்டு மாதம் முன்னால் வந்திருந்தால் என்று ஆரம்பித்தவர், என்னைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

கரண்ட் வைக்க இன்னும் இரண்டு வாரம் இருந்தது, அண்ணா.

வண்டியில் உன்னைக் கொண்டு வரும்போது டிரைவர், "எப்டிங்க ஆச்சு?" என்று கேட்டார். அப்பா ரோட்டைப் பார்த்துக்கொண்டே, "கரண்ட் வெச்சாங்க" என்றார். அம்மா அவரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். நான் சும்மா இருந்தேன். சும்மா இருந்தது மட்டும் இல்லை. உன் கால் என் மடியில் இருக்கும்போதே எனக்கு நிம்மதியாக இருந்தது. இதை எழுதும்போது இந்தக் கையைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

இனி நீ போன பிறகு நடந்தது.

எதிர் வீட்டு சரோஜா அக்காவைத் தெரியுமே, உன் சிநேகிதர் ஏகாம்பரத்தின் வீட்டுக்காரி, பட்டு முறுக்குகிறவள். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு அவளுக்கு மூச்சு வாங்குகிறது. நெஞ்சு படபடக்கிறது. நம் ஊர் டாக்டர் பார்த்துவிட்டு, உன் மாதிரியேதான் இருக்கிறது, உடனே பட்டணம் போங்கள் என்றாராம். மூன்று வாரமாக அவள் போகவில்லை. போக மாட்டேன் என்கிறாள். எதனால் என்று உனக்குச் சொல்ல வேண்டுமா?

வெள்ளிக்கிழமை காலை அவளும் ஏகாம்பரமும் நம் வீட்டுக்கு வந்தார்கள். தெருவைத் தாண்டி வந்ததற்கே அவளுக்கு மூச்சு இரைத்தது. கைக்குழந்தையை ஏகாம்பரம் தூக்கியிருந்தார்.

"நீங்க பார்த்தவரு மாமா. நீங்களே சொல்லுங்க, இவளக் கூட்டிக்கினு போலாமா?" என்று கேட்டார்.

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். கதை சொல்லும்போது அவருக்கு இப்போது அது ஒரு பழக்கம். "என் புள்ள நல்லாத்தான்பா இருந்தான். இட்லி சாப்ட்டான். கரண்ட் வெச்சானுங்க, நெஞ்சுல இருந்து புகை வந்துது…"

புகை! இது புதிது. தண்ணீர்ச் சொம்போடு கதவருகில் நின்றிருந்தேன். சரோஜா அக்கா முகம் வெளுத்துக்கொண்டே போனது. "வேணாங்க. நான் இங்கயே சாவறேன். என்ன கூட்டிக்கினு போவாதீங்க" என்று ஏகாம்பரத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள். குழந்தை அவளைப் பார்த்து வாயைக் கோணியது.

"அண்ணனுக்குக் கரண்ட் வெக்கவே இல்ல" என்று யாரோ சொன்னார்கள். நான்தான்.

"உள்ள போம்மா" என்றார் அப்பா.

"வெக்கல. நான் தப்பா எண்ணினேன். அதனாலதான் அண்ணன் செத்துப்போச்சு."

"பாக்கியம்!"

சொம்பைக் கீழே வைத்தேன். எனக்குப் பேச்சாகச் சொல்லத் தெரியவில்லை, அண்ணா. சரோஜா அக்காவின் கையைப் பிடித்தேன். விரலை வைத்து, நான் உனக்கு எண்ணின மாதிரி சத்தமாக எண்ணினேன். பிறகு அவளுடைய இன்னொரு கையை எடுத்து அவள் நெஞ்சிலேயே வைத்தேன். "நீயே பாரு அக்கா. நான் ஒண்ணுன்னா உனக்கு ரெண்டு அடிக்குதா இல்லயா? இப்டித்தான் நாலஞ்சு மாசம் எழுதிக் குடுத்தேன். நல்லாயிருக்குதுன்னு எல்லாரும் நம்பினாங்க. அதுக்குள்ள அண்ணன் நெஞ்சுச் சதை ஓடி ஓடித் தேஞ்சிப்போச்சு. அந்த டாக்டர் சரியாக்கப் பார்த்தாரு. நாங்கதான் லேட்டு."

அவளுக்குப் புரிந்தது. புரிந்தது எனக்கு எப்படித் தெரியும் என்றால், தன் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். சாக்கடையில் பட்ட கையைப் போல முந்தானையில் துடைத்தாள். நான் அதற்கு அழவில்லை. ஐந்து மாதத்தில் முதல் தடவையாக ஒருத்தி என்னைச் சரியாகப் பார்த்தாள் என்று பட்டது.

"கரண்ட் வெச்சா செத்துட மாட்டாங்களா?" என்று கேட்டாள்.

"எனக்குத் தெரியாது அக்கா. மயக்கம் குடுத்து ஒரு விநாடிதான்னு சொன்னாரு. தேறினவங்க இருக்காங்கன்னு சொன்னாரு. உனக்கு அது வேணுமா வேணாமான்னே அவரு பார்த்தாத்தான் தெரியும். இங்கயே இருந்தா இன்னா ஆவும்னு மட்டும் எனக்குத் தெரியும்."

ஏகாம்பரம் அப்பாவைப் பார்த்த பார்வையை உன்னிடம் எப்படிச் சொல்வது? "இன்னா மாமா இது? புகைன்னீங்க" என்று மட்டும் கேட்டார். அப்பா துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். "பொண்ணுக்குன்னு சொன்னேன்பா. இவளுக்கு ஒரு வாழ்க்கை வேணாமா?" என்றார் துண்டுக்குள்ளிருந்து.

"எனக்கு வாழ்க்கை வரணும்னா சரோஜா அக்கா சாவணுமாப்பா?" என்றேன். அப்பாவை எதிர்த்து நான் பேசினது அதுதான் முதல்.

அவர்கள் போன பிறகு அம்மா என் முதுகில் நாலு வைத்தாள். "வாயே இல்லாதவளுக்கு இன்னிக்குன்னு வாய் மொளைச்சிது. இனிமே எவன்டி உன்னப் பார்க்க வருவான்?" வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை முசரவாக்கத்திலிருந்து என்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்தவர்கள், வேறு வேலை வந்துவிட்டது என்று ஆள் அனுப்பினார்கள். பெரியம்மா இப்போது வேறு கதை சொல்லிக்கொண்டிருக்கிறாள். அதில் நான் உன்னை வேண்டுமென்றே கொன்றிருக்கிறேன். அது பரவாயில்லை. அவள் வாயில் உனக்குப் புகை வருவதை விட எனக்குக் கெட்ட பெயர் வருவது மேல்.

அப்பா என்னோடு பேசுவதில்லை. நேற்று மட்டும் சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே, "நான் கூட்டிக்கினு போயிருக்கணும்" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. எனக்கு அவர் மேல் இருக்கும் அருவருப்பு போகவில்லை, அண்ணா. என் மேல் இருப்பதும் போகவில்லை. போகுமா?

இன்று சாயங்காலம் சரோஜா அக்கா வாசலில் நின்று கூப்பிட்டாள். உள்ளே வரவில்லை.

"திங்கக்கெழம மொதல் பஸ். அவருக்கு அந்த ஆஸ்பத்திரில எங்க போறது, யாரக் கேக்கறதுன்னு ஒண்ணும் தெரியாது. நீ கூட வரியா?"

"வரேன் அக்கா."

"ஆனா என் கையத் தொடக்கூடாது."

"தொடல அக்கா."

போகிறேன், அண்ணா. உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். அந்த ஒல்லி டாக்டர் முன்னால் நின்று, எங்கள் தெருவில் உங்களைக் கொலைகாரன் என்று சொன்னோம், அது பொய் என்று என் வாயாலேயே சொல்வேன். அவர் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்வேன். அதன் பிறகு ஒவ்வொரு மாதமும் சரோஜா அக்காவை நேரில் கூட்டிப் போய் நிறுத்துவேன். யார் தறி நின்றாலும் சரி, சீட்டை மட்டும் அனுப்ப விட மாட்டேன். அவள் என் முகத்தைப் பார்க்க வேண்டாம், என்னோடு பேச வேண்டாம். பஸ்ஸில் ஏறும்போது மூச்சு வாங்கினால் அவள் குழந்தையை மட்டும் என்னிடம் கொடுத்தால் போதும்.

உன் உடன்பிறந்தவள்,
பாக்கியம்